பார்க்கிங்கில் கட்டிய துணிக்கொடி

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். சேலையூரில் இருந்த மாடி வீட்டைக் காலி செய்துவிட்டு, நானும் என் மனைவியும் பெருங்களத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வாடகைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வந்ததற்கு ஒரே காரணம் லிஃப்ட். அதுவும் சக்கர நாற்காலி தாராளமாக நுழைகிற லிஃப்ட். கீழே வாசலில் படிக்குப் பக்கத்திலேயே சரிவுப் பாதையும் போட்டிருந்தார்கள். இந்த இரண்டும் சேர்ந்து இருக்கிற வீட்டைத் தேடி, தாம்பரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில் நான் ஏறி இறங்காத குடியிருப்பு இல்லை.

என் மனைவி தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற மறு வருஷமே பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சிலும் பெரும்பகுதி போய்விட்டது. நாம் பேசுவது எல்லாம் அவளுக்குப் புரியும். பதிலும் மனதில் முழுசாக இருக்கும். வாய்க்கு வருவது மட்டும் ஒரு சொல், மிஞ்சிப் போனால் இரண்டு சொல். வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள், இப்போது இருக்கிற சொற்களில் பொருத்தமான ஒன்றைத் தேடி எடுத்துப் போடுகிறாள். அது பல சமயம் நெத்தியடியாக இருக்கும்.

ஒரே மகள் புனேயில் இருக்கிறாள். பார்த்துக்கொள்ள ஆள் வைத்துப் பார்த்தோம். வேற்று ஆள் தன் உடம்பைத் தொடுவது என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. 'வேணாம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். அதனால் எல்லாம் நான்தான். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, துவைப்பது எல்லாமே. ஆரம்பத்தில் தடுமாறினேன். பிறகு பழகிவிட்டது. சொல்லப்போனால் இந்த விஷயத்தில் இப்போது நான் பத்துப் பேருக்கு வகுப்பு எடுக்கலாம்.

படுக்கையில் ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் சிலவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிறுநீர் பட்ட துணியை எடுத்தவுடன் வெந்நீரில் போடாதீர்கள். வாடை துணியிலேயே தங்கிவிடும். முதலில் பச்சைத் தண்ணீரில் நன்றாக அலசி, பிறகு ஒரு வாளித் தண்ணீரில் அரை டம்ளர் வினிகர் விட்டு அரை மணி நேரம் ஊற வைத்துவிட்டு, அதற்கப்புறம் சோப்பு போடுங்கள். மணக்க மணக்க ஒரு திரவம் விற்கிறார்களே, துணிக்குக் கடைசியாக ஊற்றுவது, அதைத் தொடவே வேண்டாம். பருத்தித் துணி ஈரத்தை உறிஞ்சுவதே குறைந்துவிடுகிறது. பழைய நூல் புடவையை நாலாக மடித்து, தோளிலிருந்து முழங்கால் வரை வரும்படி மெத்தை மேல் குறுக்காகப் போடுங்கள். ஆளைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டுமானால் புடவையின் ஓரத்தைப் பிடித்துச் சுருட்டி இழுத்தால் போதும், உங்கள் இடுப்பும் பிழைக்கும். நைட்டியை முதுகுப் பக்கம் மேலிருந்து கீழ் வரை வெட்டி, இரண்டு இடத்தில் நாடா தைத்துவிட்டால் ஆளைத் தூக்காமலே மாட்டிவிடலாம். இதில் பாதி அவள் யோசனை. கட்டிலில் படுத்தபடியே இடது கையால் கத்தரிக்கோல் மாதிரி விரலைக் காட்டி, 'வெட்டு' என்றாள். நான் முன்பக்கம் வெட்டப் போனேன். 'முட்டாள்' என்றாள். அந்தச் சொல் மட்டும் எப்போதும் தங்குதடையின்றி வரும்.

இவ்வளவும் செய்தாலும் கடைசியில் எல்லாம் ஒரு விஷயத்தில் வந்து நிற்கும். துணி நன்றாகக் காய வேண்டும். மழைக்காலத்தில் வெயில் எட்டிப் பார்க்கிற கொஞ்ச நேரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீடு நாலாவது மாடி. பால்கனி மேற்குப் பார்த்தது. மத்தியானத்துக்கு மேல் நல்ல வெயில், ரயில் பாதைப் பக்கமிருந்து வருகிற காற்று வேறு. ஒரு முழம் இடைவெளி விட்டு இரண்டு கொடிகளை இணையாகக் கட்டினேன். விரிப்பை இரண்டின் மேலும் சேர்த்துப் போட்டால் கூடாரம் மாதிரி நிற்கும். நடுவில் காற்று புகுந்து ஒற்றைக் கொடியில் ஆகிற நேரத்தில் பாதியில் காய்ந்துவிடும்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த ஒரு நாள், குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு புகைப்படம் வந்தது. கீழே இருந்து எடுத்த எங்கள் பால்கனி. என் மனைவியின் விரிப்புகளையும் நைட்டிகளையும் சுற்றிச் சிவப்பு வட்டம். அடியில் ஆங்கிலத்தில் நாலு வரி. பால்கனியில் துணி காயப்போடுவது விதிப்படி தவறு, கட்டடத்தின் தோற்றம் கெடுகிறது, உடனே எடுக்கவும் என்று. அதற்குக் கீழே வரிசையாகக் கட்டை விரல்கள்.

சாயங்காலம் சங்கச் செயலாளரே வீட்டுக்கு வந்தார். ஐ.டி. கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருப்பவர். மரியாதையானவர்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"சார், பர்சனலா எடுத்துக்காதீங்க. நம்ம பிளாக்ல ரெண்டு மூணு வீடு சேலுக்கு இருக்கு. போன வாரம் ஒருத்தர் பாக்க வந்தாரு. மேல நிமிர்ந்து பாத்துட்டு, என்ன சார் இது லைன் வீடு மாதிரி இருக்குன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க."

"மொட்டை மாடியிலயாவது போட்டுக்கிறேன் சார். சாவி குடுங்க."

"மாடியில சோலார் போட்டிருக்கோம். யாரையும் விடுறதில்ல. நீங்க ஒரு டிரையர் வாங்கிடுங்களேன். இல்லன்னா டயப்பர் யூஸ் பண்ணுங்க. இப்ப எல்லாரும் அதான பண்றாங்க."

டயப்பர் போட்டால் இடுப்பைச் சுற்றி அவளுக்குக் கொப்பளிக்கிறது என்பதை அவரிடம் சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. மனைவியின் உடம்பைப் பற்றி யாரோ ஒருவரிடம் விளக்கிக்கொண்டிருக்கிறோமே என்று. அவர் தலையை ஆட்டினார். "கஷ்டம்தான் சார். ஆனா ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். உள்ளே அறையில் அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

புதிதாக வந்த இடம், வாடகை வீடு, எதற்கு வம்பு என்று கொடியை அவிழ்த்துவிட்டேன். ஹாலில் கயிறு கட்டி, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். அந்த வருஷம் மழை வேறு விடவில்லை. துணி காயவே காயாது. காய்ந்தது மாதிரி தெரியும், தொட்டால் ஜில்லென்று இருக்கும். வீடு முழுக்கப் பூஞ்சை வாடை. இஸ்திரி போட்டுக் காய வைக்கலாம் என்றால் ஒரு விரிப்புக்கே கை ஓய்ந்துவிடும். வேறு வழியில்லாமல் அரைகுறையாகக் காய்ந்ததை விரித்தேன். வாரம் ஒரு முறை உடற்பயிற்சி கொடுக்க வருகிற பெண் ஒருநாள் அவளைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அங்கிள், இங்க பாருங்க. முதுகு சிவந்துபோயிருக்கு. இது புண்ணாயிடுச்சின்னா ஆறவே ஆறாது. ஈரத்துணி மேல படுக்க வைக்காதீங்க."

அடி முதுகில், உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச் செவேலென்று இருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது.

சரி, யாருடைய கண்ணையும் உறுத்த வேண்டாம் என்று நானே ஓர் இடம் கண்டுபிடித்தேன். கட்டடத்துக்குப் பின்னால் மோட்டார் அறைக்கும் மதில் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். காலையில் கொஞ்ச நேரம் வெயில் விழும். அங்கே கொடி கட்டினேன். வாளியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்குவது, போட்டுவிட்டு மேலே ஓடுவது, மேகம் கறுத்தால் மறுபடியும் கீழே ஓடுவது. என் வயதுக்கு அது ஓட்டம்தான். ஆனால் துணி மொறமொறவென்று காய்ந்தது. அவள் முதுகுச் சிவப்பும் மெல்ல மங்கத் தொடங்கியது.

அதுவும் நீடிக்கவில்லை. ஒருநாள் காலை துணியைக் காயப்போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாவை அவளுக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டு, மருந்து வாங்கத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் போனேன். திரும்பி வந்து பின்பக்கம் போய்ப் பார்த்தால் கொடி இல்லை. இரண்டு முனைகளிலும் அறுத்த கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. துணி ஒன்றையும் காணோம்.

காவலாளி என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தார். அனகாபுத்தூர்க்காரர். அவ்வப்போது நானும் அவரும் டீ குடிப்பது உண்டு.

"எங்கங்க துணி?"

அவர் குப்பைத் தொட்டிகள் இருக்கிற மூலையைப் பார்த்தார். கறுப்பு பிளாஸ்டிக் பை ஒன்று அங்கே சாய்ந்து கிடந்தது.

"நான் இன்னா சார் பண்றது? செக்ரெட்டரி சார் வந்து நின்னுகினு, அத்த அறுத்துப் போடுன்னாரு. குப்பைல போடுன்னாரு. எனக்கு மனசு வரல சார். தொட்டில போடாம பைல கட்டி வெளிய வச்சேன். இந்தா, கிளிப்பெல்லாம் பொறுக்கி வச்சிருக்கேன்." சட்டைப் பையிலிருந்து க்ளிப்புகளை அள்ளி என் கையில் கொட்டினார்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பிழைப்பு அப்படி. ஆனால் அந்தப் பையை அவிழ்த்தபோது வந்தது பாருங்கள், அதைக் கோபம் என்று சொன்னால் போதாது. வாயில்லா மனுஷி படுக்கிற துணி. நான் கையால் கசக்கி, அலசி, உதறிப் போட்ட துணி. அது வாழைப்பழத் தோலுக்கும் முட்டை ஓட்டுக்கும் பக்கத்தில் கிடந்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். கூட வந்த இளைஞர் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஓரமாக நின்றார். நான் நகரவில்லை.

அவளிடம் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். பையைப் பார்த்துவிட்டாள். "என்ன?" என்றாள். மழை வந்துவிட்டது, அவசரத்தில் பையில் அள்ளிக்கொண்டு வந்தேன் என்றேன். ஜன்னலைப் பார்த்தாள். வெளியே பளீரென்று வெயில். திரும்பி என்னைப் பார்த்தாள். அப்புறம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். பக்கவாதம் வந்த பிறகு சின்ன விஷயத்துக்கும் அழுகை வந்துவிடும் அவளுக்கு. அன்று வரவில்லை. இடது கையை நீட்டிப் பால்கனியைக் காட்டினாள்.

"கட்டு."

"இப்பவே வேணாம்மா. சண்டை வரும்."

"வரட்டும்."

அவ்வளவுதான். எழுந்து போய்க் கட்டினேன். முன்பு கட்டியதைவிட இழுத்துக் கட்டினேன். எல்லாத் துணியையும் மறுபடி துவைத்து, சாயங்காலத்துக்குள் பால்கனி முழுக்கத் தொங்கவிட்டேன். இரவே குழுவில் புகைப்படம் வந்துவிட்டது. இந்த முறை சிவப்பு வட்டம் பெரியது.

இரண்டு நாள் கழித்து வீட்டு உரிமையாளர் பெங்களூரிலிருந்து கூப்பிட்டார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. அசோசியேஷன்ல இருந்து போன் மேல போன் வருது. எனக்கு அங்க வந்து பஞ்சாயத்து பண்ணவெல்லாம் டைம் இல்ல. பொங்கலுக்குள்ள நீங்க வேற இடம் பாத்துக்கிட்டா நல்லாருக்கும்" என்றார்.

போனை வைத்தேன். மறுபடி வீடு தேடணும். மறுபடி அவளைக் கட்டிலோடு பெயர்க்கணும். லிஃப்டும் சரிவுப் பாதையும் இருக்கிற வீடு இன்னொன்று எங்கே கிடைக்கும்? கிடைத்தாலும், படுக்கையில் ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் எத்தனை பேர் தருவார்கள்? போன தடவையே பல இடங்களில் 'சொல்லி அனுப்புகிறோம்' என்று கதவைச் சாத்தியவர்கள்தான் அதிகம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பின் பொதுக்கூட்டம். தரைத்தள பார்க்கிங்கில் கார்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு நாற்காலி போட்டு நடத்துவார்கள். பால்கனி விஷயமும் அதில் பேசப்படும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். நான் செயலாளரைப் பார்த்து, என் தரப்பைச் சொல்ல ஐந்து நிமிஷம் கேட்டேன்.

"டெனன்ட்ஸ் மீட்டிங்ல பேசக் கூடாது சார். ஓனர்ஸ் மட்டும்தான். சங்கத்தோட பைலாவுலயே இருக்கு."

"வந்து உக்காரலாமா?"

"உக்காருங்க. பேசத்தான் கூடாது."

வீட்டுக்கு வந்து அவளிடம் இதைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். தூங்கிவிட்டாள் போல என்று நான் எழுந்தபோது, "வாளி" என்றாள். எனக்குப் புரியவில்லை. "வாளி. கயிறு" என்றாள். அப்புறம் தன்னையே தொட்டுக் காட்டினாள். புரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயமும் வந்தது. அவள் வாய் ஒரு பக்கம் மட்டும் கோணிக்கொண்டு சிரிக்கும். அன்று அப்படிச் சிரித்தாள்.

ஞாயிறு காலை வழக்கம்போல் எல்லாவற்றையும் துவைத்தேன். அவளுக்கு நல்ல புடவை கட்டிவிட்டேன். நைட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பொட்டு வைத்து, தலை வாரி, சக்கர நாற்காலியில் உட்கார வைத்தேன். மடியில் க்ளிப் டப்பாவும் கயிறும். ஒரு கையில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, இன்னொரு கையில் ஈரத்துணி வாளியோடு லிஃப்டில் இறங்கினேன்.

கூட்டம் ஆரம்பித்துவிட்டிருந்தது. தண்ணீர் லாரி, ஜெனரேட்டர் என்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் முன் வரிசையில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அவளை அங்கே நிறுத்தினேன். நான் உட்காரவில்லை. செயலாளர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த இடத்துக்கும் நாற்காலிகளுக்கும் நடுவில் இரண்டு தூண்கள். ஒன்றில் கயிற்றைக் கட்டினேன். மற்றொன்றுக்கு இழுத்துக்கொண்டு போய் அதிலும் கட்டினேன். பேச்சு நின்றுவிட்டது.

வாளியிலிருந்து முதல் விரிப்பை எடுத்து உதறினேன். அந்தப் பார்க்கிங்கில் அந்தச் சத்தம் பட்டென்று கேட்டது. கொடியில் போட்டேன். கையை நீட்டினேன். அவள் இடது கையால் டப்பாவிலிருந்து ஒரு க்ளிப்பை எடுத்துக் கொடுத்தாள். மாட்டினேன். அடுத்தது, மறுபடி கை நீட்டினேன், கொடுத்தாள். பழைய நூல் புடவைத் துண்டுகள். முதுகு வெட்டிய நைட்டிகள். எவ்வளவு துவைத்தாலும் போகாத பழுப்புக் கறைகள் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி விரித்துப் போட்டேன். அவளுடைய உள்ளாடைகளையும் போட்டேன். அதைப் போடும்போது மட்டும் அவளைத் திரும்பிப் பார்த்தேன். தலையை அசைத்தாள். போட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மேஜையும் செயலாளரும் துணிகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டார்கள்.

"சார், என்ன சார் இது?" என்று துணியை விலக்கிக்கொண்டு வந்தார் அவர்.

எனக்குப் பேச உரிமை இல்லையே. நான் வாயைத் திறக்கவில்லை. அவள்தான் பதில் சொன்னாள்.

"துணி."

பின்னாலிருந்து யாரோ சிரித்துவிட்டார்கள். செயலாளர் முகம் சிவந்துவிட்டது. "இது டூ மச் சார். லேடீஸ் எல்லாம் இருக்காங்க. டீசன்ஸி வேணாமா?" என்று குரலை உயர்த்தினார்.

அவள் நாற்காலியின் கைப்பிடியை இடது கையால் பிடித்துக்கொண்டு, உடம்பை முன்னால் தள்ளினாள். ஏதோ பெரிதாகச் சொல்ல வருகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. வார்த்தை வராமல் உதடு துடித்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். நானும் உதவிக்குப் போகவில்லை.

"என்... துணி," என்றாள். மூச்சு வாங்கியது. "குப்பை... இல்ல."

பக்கவாதம் வந்த பிறகு அவள் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். குப்பையில் போட்ட கதை பல பேருக்குத் தெரிந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா எழுந்து, நடந்ததை எல்லாம் விலாவாரியாகச் சொன்னார். அவர் தன் வீட்டுக்குச் சொந்தக்காரர். பேச உரிமை உள்ளவர். "படுத்துக் கிடக்கிறவங்க துணியைத் தூக்கிக் குப்பையில போடுறதுக்கு எந்த பைலாவுல எழுதியிருக்கு, எடுத்துக் காட்டுங்க, பாப்போம்" என்று கேட்டார்.

அதற்கப்புறம் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாரும் எங்கள் பக்கம் பேசினார்கள் என்று சொன்னால் அது பொய். "சிம்பதி வேற, ரூல் வேற" என்று சொல்லி நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனவர்களும் உண்டு. மூன்றாவது மாடியில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி, குழந்தைத் துணியைக் குளியலறையில் போட்டுக் காயாமல் தானும் தவிப்பதாகச் சொன்னாள். முதல் மாடியில் இருக்கிற ஒரு பெண்மணி என்னைப் பார்த்து நேராகவே கேட்டார். "எனக்குத் துணி பிரச்னை இல்ல சார். மேல இருந்து சொட்டுற தண்ணிதான் பிரச்னை. கீழ வாசல்ல நிக்கிற என் புள்ள தலையில சொட்டுது. அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

நியாயமான கேள்வி. உரிமை இல்லாவிட்டாலும் அதற்குப் பதில் சொன்னேன். "அது என் தப்பும்மா. இனி ஒரு சொட்டு வராது. வந்தா நீங்களே மேல வந்து கொடியை அவுத்துடுங்க."

தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை. கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது என்று சொல்லிவிட்டுச் செயலாளர் போய்விட்டார். நான் துணிகளை மறுபடி வாளியில் எடுத்துக்கொண்டு அவளைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தேன். லிஃப்டில் அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். என்ன என்று குனிந்தேன். "பசி" என்றாள். அன்று இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

மறுநாளே ஒரு பிவிசி குழாயை வாங்கி, நீளவாக்கில் இரண்டாக அறுத்து, வாய்க்கால் மாதிரி கொடிக்கு அடியில் லேசான சரிவாகப் பொருத்தினேன். சொட்டுகிற தண்ணீர் அதில் விழுந்து ஓர் ஓரமாக வாளிக்குப் போய்விடும். அலசிய துணியை வாஷிங் மெஷினில் போட்டு ஒரு முறைக்கு இரண்டு முறை பிழிந்துவிட்டால் சொட்டுவதும் பாதியாகக் குறையும். முதல் மாடிப் பெண்மணியை மேலே கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்கும் ஒன்று பொருத்தித் தரச் சொன்னார்.

உரிமையாளருக்கு நானே போன் செய்தேன். "பொங்கலுக்குக் காலி பண்ண முடியாது சார். அக்ரிமென்ட் இன்னும் முடியல. முடிஞ்ச பிறகும் போறதா உத்தேசம் இல்ல. என் சம்சாரம் எழுந்து நடந்தா, அன்னிக்கு நானே கூப்பிட்டுச் சொல்றேன்" என்றேன். "அப்படியெல்லாம் பேசாதீங்க சார்" என்றார். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒப்பந்தம் புதுப்பித்தாகிவிட்டது.

விதி மாறவில்லை. பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்கிற அறிவிப்பு இன்றைக்கும் லிஃப்ட் பக்கத்துப் பலகையில் ஒட்டியபடியே இருக்கிறது. ஆனால் அந்த மார்கழிக்குள் மூன்றாவது மாடியில் குழந்தைத் துணி தொங்கியது. அப்புறம் இரண்டாவது மாடியில். அப்புறம் எதிர் பிளாக்கில். செயலாளர் வழியில் பார்த்தால் வணக்கம் சொல்லுவார். நானும் சொல்லுவேன். கொடியைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. விற்பனைக்கு இருந்த வீடுகளும் விற்றுப் போய்விட்டன என்று கேள்வி.

என் மனைவி இன்னும் நடக்கவில்லை. முன்னைவிட நிமிர்ந்து உட்காருகிறாள். முதுகு சுத்தமாக இருக்கிறது. இப்போது மூன்று சொற்கள் சேர்ந்தாற்போல் வருகின்றன, அவற்றில் ஒன்று பெரும்பாலும் என்னைத் திட்டுவதாக இருக்கிறது. மத்தியானம் வெயில் வந்ததும் நாற்காலியைப் பால்கனிக் கதவுப் பக்கம் தள்ளச் சொல்லி, நான் போடுகிற ஒவ்வொரு துணியையும் மேற்பார்வை பார்க்கிறாள்.

வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், வாடையை அடக்க வேண்டும், கறையை மறைக்க வேண்டும், யார் கண்ணிலும் படாமல் அந்த ஆளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் நல்ல புடவை கட்டிக்கொண்டு என் மனைவி உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு, படுத்த படுக்கையாக இருப்பதிலும் அவளைப் பார்த்துக்கொள்வதிலும் நாங்கள் இரண்டு பேரும் வெட்கப்பட ஒன்றுமே இல்லை என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது, வெட்கப்படச் சொல்லி இனி யார் வந்து கேட்டாலும் எங்கள் வீட்டில் அது நடக்காது.